அந்தத் திரையில் ஏன் ஒரு போன் நம்பர்?

வாசகர்களின் கணினிச் சந்தேகங்களுக்குத் திருச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துபவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். போன வாரம் லேப்டாப்பில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்ததும் திரை முழுக்க நீலமாகி, சைரன் மாதிரி சத்தம் வந்தது. ‘உங்கள் கணினி முடக்கப்பட்டது, அணைக்காதீர்கள், மைக்ரோசாஃப்ட் உதவி மையத்தை அழையுங்கள்’ என்று ஒரு எண்ணும் இருந்தது. அழைத்தேன். பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். தூரத்திலிருந்தே இன்னொருவர் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் என்ற மென்பொருளைப் போடச் சொல்லி, என் கணினிக்குள் வந்து வரிசை வரிசையாகப் பிழைகளைக் காட்டினார். சரிசெய்ய 8,500 ரூபாய் கேட்டார். மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கண்ணால் பார்த்த அந்தப் பிழைகள் உண்மையா, பொய்யா?
– ஓர் ஆசிரியர், கும்பகோணம்

பதில்: பணம் கொடுக்காமல் போனை வைத்தீர்களே ஐயா, ரொம்ப நல்ல காரியம். நீங்கள் பார்த்த பிழைகள் உண்மை. அவற்றுக்கு அவர் சொன்ன அர்த்தம்தான் பொய்.

விண்டோஸில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று ஒரு பதிவேடு உண்டு. வைஃபை ஒரு நொடி விட்டுப்போனாலும், ஒரு புரோகிராம் தாமதமாகத் தொடங்கினாலும் அதில் ஒரு வரி ஏறிவிடும். சிவப்புக் குறி, மஞ்சள் குறி எல்லாம் சகஜம். என் கடைக்கு வரும் கணினி எதைத் திறந்தாலும் இருக்கும், நேற்று பெட்டி பிரித்த புதுக் கணினியிலும் இருக்கும். அதைக் காட்டி ‘பாருங்க சார், எல்லாமே வைரஸ்’ என்பார்கள்.

இன்னொரு வித்தையும் உண்டு. ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்ற, கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து ‘assoc’ என்று ஆங்கிலத்தில் தட்டச் சொல்வார்கள். ஓடிவரும் பட்டியலின் கடைசிப் பகுதியில் 888-இல் தொடங்கும் நீள எண் ஒன்று வரும். ‘இதுதான் உங்க கம்ப்யூட்டரோட ஐடி, எங்க ரெக்கார்டுலயும் இதேதான் இருக்கு, சரிபாருங்க’ என்று வாசித்துக் காட்டுவார்கள். எண் அச்சாகப் பொருந்தும். பொருந்தாமல் எப்படி இருக்கும்? ஃபைல்களைச் சுருக்கி அனுப்பும் வசதிக்கான குறியீடு அது. உலகத்தில் எந்த விண்டோஸ் கணினியிலும் அதே எண்தான்.

அந்த நீலத் திரையும் சாதாரண இணையப் பக்கம்தான். முழுத்திரையாக விரித்து, பின்னால் சத்தத்தை ஓடவிட்டிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் போடுவதே இல்லை. அந்த நிறுவனமே இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஆகவே, எச்சரிக்கையில் நம்பர் இருந்தால் அது மோசடி. மேற்கொண்டு எதையும் ஆராய வேண்டாம். எஸ்கேப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், பக்கத்தை மூடிவிடலாம். மசியாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். ‘அணைக்காதீர்கள்’ என்று அவர்கள் சொல்வதே, அணைத்தால் விஷயம் முடிந்துவிடும் என்பதால்தான். மறுபடி திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மரியாதையாகப் பேசினார் என்று எழுதியிருந்தீர்கள். இது ஆபீஸ் போட்டு, ஆள் வைத்து, பேச வேண்டிய வசனத்தை எழுதிக்கொடுத்து நடக்கிற தொழில். 2023 அக்டோபரில் ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் சி.பி.ஐ. பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்டும் அமேசானும் கொடுத்த புகார்களின் பேரில், அந்த நிறுவனங்களின் பெயரைச் சொல்லி வெளிநாட்டினரை ஏமாற்றிய கால் சென்டர்களும் அதில் சிக்கின. குரலில் இருக்கும் பணிவை வைத்து யாரையும் நம்பாதீர்கள் ஐயா.

இப்போது செய்ய வேண்டியது. உங்கள் கணினிக்குள் ஓர் அந்நியர் வந்து போயிருக்கிறார். முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். எனிடெஸ்க்கை நீக்குங்கள், டீம்வியூவர் போல வேறு ஏதாவது போட்டுவைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் நுழைய பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ ஓட்டுங்கள். பாஸ்வேர்டுகளை அந்த லேப்டாப்பில் மாற்றாதீர்கள், வேறு போனிலோ கணினியிலோ மாற்றுங்கள். முதலில் இமெயில், அடுத்து வங்கி. இமெயில் கையில் இருந்தால் மற்ற எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடலாம் என்பதால்தான் இந்த வரிசை.

எனிடெஸ்க் நேர்மையான மென்பொருள்தான். ஊருக்கு வெளியே இருக்கும் என் வாடிக்கையாளர்களுக்கு நானே அதன் வழியாகத்தான் வேலை பார்க்கிறேன். ஆனால், தெரியாத ஒருவருக்கு அதில் வரும் எண்ணைச் சொல்வது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். செல்போனில் போட்டால் இன்னும் மோசம், வருகிற ஓ.டி.பி.யையும் அவர்கள் படித்துவிடுவார்கள். 2019-லேயே ரிசர்வ் வங்கி இதைப் பற்றி வங்கிகளை எச்சரித்திருக்கிறது.

ஒருவேளை பணம் போயிருந்தால்? உடனே 1930. அது சைபர் குற்றப் புகாருக்கான தேசிய எண். அடுத்து வங்கி. cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். கடைசியில் யாராவது எடுப்பதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழியுண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நாமே விவரம் கொடுத்துப் போன பணத்துக்கு, வங்கியிடம் தெரிவிக்கும்வரை பொறுப்பு நம்முடையது. தெரிவித்த பிறகு போனால் வங்கியுடையது. எத்தனை மணிக்குச் சொன்னோம் என்பது இங்கே அவ்வளவு முக்கியம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. என் கடைக்கு வரும் பெரியவர்களில் பலர், ‘வீட்டுல தெரிய வேண்டாம் தம்பி’ என்று குரலைத் தாழ்த்தித்தான் ஆரம்பிக்கிறார்கள். பணத்தை நிறுத்தியிருக்கக்கூடிய நேரமெல்லாம் இந்த வெட்கத்திலேயே கரைந்துவிடுகிறது. ‘படிச்ச நீங்களே இப்படியா?’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள். முதலில் 1930-ஐ அழையுங்கள்.

கேள்வி: ஆன்டிவைரஸ் கட்டணம் 5,000 ரூபாயைத் திருப்பித் தருவதாக ஒருவர் பேசினார். என் கணினியில் நெட் பேங்கிங் திறக்கச் சொன்னார். சிறிது நேரம் திரை கறுப்பானது. பிறகு பார்த்தால் 50,000 ஏறியிருந்தது. ‘தவறுதலாக ஒரு சைபர் கூடிவிட்டது, என் வேலை போய்விடும், மீதியை அனுப்பிவிடுங்கள் அக்கா’ என்று அழுகிறார். பாவமாக இருக்கிறது. அனுப்பட்டுமா?
– இல்லத்தரசி, ஈரோடு

பதில்: ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள் சகோதரி. அந்த 50,000 பெரும்பாலும் உங்கள் திரையில் மட்டும்தான் இருக்கும். பிரவுசரில் ‘இன்ஸ்பெக்ட்’ என்ற வசதியைத் திறந்து எந்தப் பக்கத்தின் எழுத்தையும் எண்ணையும் மாற்றிக் காட்டலாம். பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் பழைய தொகை வந்துவிடும். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், உங்கள் எஃப்.டி.யையே உடைத்துச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு ‘வந்துவிட்டது பாருங்கள்’ என்பார்கள். திரையைக் கறுப்பாக்குவது அதற்காகத்தான். வங்கிக்கு நேரில் போய் பாஸ்புக்கில் வரவு போட்டுப் பாருங்கள், எஃப்.டி. அப்படியே இருக்கிறதா என்றும் கேளுங்கள். நெட் பேங்கிங்கை அன்றே முடக்கச் சொல்லுங்கள். கணினியில் செய்ய வேண்டியது, முதல் கேள்வியில் ஆசிரியருக்குச் சொன்னதேதான்.

கேள்வி: பிரின்டர் ஓடவில்லை. கூகுளில் தேடிக் கிடைத்த கஸ்டமர் கேர் எண்ணில் ‘டிரைவர் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்க 4,000 ரூபாய்’ என்கிறார்கள். நியாயமா?
– ஜெராக்ஸ் கடைக்காரர், தேனி

பதில்: டிரைவர் என்பது பிரின்டரைக் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருள். அதற்குக் காலாவதித் தேதியே கிடையாது. நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தேடலில் மேலே வரும் எண்கள் பல, காசு கொடுத்து விளம்பரமாகப் போட்டவை. பிரின்டர் வாங்கிய பில்லிலோ வாரன்டி அட்டையிலோ இருக்கும் எண்ணில் கூப்பிடுங்கள்.