நிலவறையில் கிடைத்த பர்பன்: வாசகர் கேள்வி-பதில்

*வாங்கிய பழைய வீட்டின் நிலவறையில் ஓல்ட் கிராண்ட்-டாட் பர்பன் (மக்காச்சோளம் பெரும்பங்காக வடிக்கும் அமெரிக்க விஸ்கி) பாட்டில் ஒன்று கிடைத்தது. சீல் உடையவில்லை. மூடிக்கு மேலே பச்சை நிறத்தில் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கிறது. அளவு '4/5 குவார்ட்' என்று போட்டிருக்கிறது, மில்லிலிட்டர் கணக்கு எங்கும் இல்லை. இது எந்த ஆண்டுச் சரக்கு?*
— வாசகர், சின்சினாட்டி

அந்தப் பச்சைப் பட்டையில்தான் பாட்டிலின் ஜாதகம் இருக்கிறது. கிழித்துவிடாதீர்கள். அது அமெரிக்க அரசின் வரிமுத்திரை. 1985 வரை மது பாட்டில்களில் இதை ஒட்டினார்கள். பச்சை என்றால் 'பாண்டட்' சரக்கு, சிவப்பு என்றால் மற்றவை. 1897ஆம் ஆண்டுச் சட்டப்படி பாண்டட் என்ற பெயரைப் போட வேண்டுமானால், ஒரே வடிசாலையில் ஒரே பருவத்தில் வடித்திருக்க வேண்டும், அரசுக் கண்காணிப்பில் இருந்த கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும், 100 ப்ரூஃபில், அதாவது 50 சதவீத ஆல்கஹாலில், பாட்டிலாக்கியிருக்க வேண்டும். ஒரு பருவம் என்பது அரையாண்டு: ஜனவரி முதல் ஜூன் வரை வசந்தம், ஜூலை முதல் டிசம்பர் வரை இலையுதிர். வடித்த பருவமும் ஆண்டும், பாட்டிலாக்கிய பருவமும் ஆண்டும் பச்சைப் பட்டையில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். பூதக்கண்ணாடியும் சாய்வாக அடிக்கும் டார்ச் வெளிச்சமும் இருந்தால் படித்துவிடலாம். ஈரத் துணியால் துடைத்தால் எழுத்து போய்விடும்.

பட்டை நைந்து படிக்க முடியாமல் போனால் வேறு தடயங்கள் உண்டு. '4/5 குவார்ட்' என்பது காலனின் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 757 மி.லி. 1980 பிறந்ததிலிருந்து அமெரிக்காவில் மதுவை மெட்ரிக் அளவில்தான் பாட்டிலாக்க வேண்டும். அதற்கு முந்தைய சில ஆண்டுகள் மாறுகாலம். ஆகவே உங்களுடையது 1980க்கு முந்தையது. கண்ணாடியிலேயே, இந்தப் பாட்டிலை மறுபடி விற்கவோ பயன்படுத்தவோ கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது என்ற வாசகம் புடைப்பெழுத்தில் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். 1935 முதல் 1964 வரை அது கட்டாயமாக இருந்தது. பாட்டிலின் அடியில் கண்ணாடி ஆலையின் முத்திரைக்குப் பக்கத்தில் பல நேரம் ஈரிலக்க ஆண்டு எண் இருக்கும். கண்ணாடி வார்த்த அச்சின் எண்ணை ஆண்டு எண்ணாக எடுத்துக்கொள்ளும் தவறு இங்கே சகஜம்.

பின்பக்கம் கர்ப்பிணிகளுக்கும் வாகனம் ஓட்டுவோருக்குமான அரசு எச்சரிக்கை இருந்தால், பாட்டில் 1989 நவம்பரை ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது. நம்மூர் பாட்டிலில் 'மது உயிருக்குக் கேடு' இருப்பதுபோல அங்கே இது. உங்கள் பாட்டிலில் முன்னாள் உரிமையாளரான நேஷனல் டிஸ்டில்லர்ஸ் பெயர் இருந்தால் வியக்க வேண்டாம். ஓல்ட் கிராண்ட்-டாட் 1987இல்தான் ஜிம் பீம் நிறுவனத்தின் கைக்குப் போனது.

*டி.எஸ்.பி. எண் என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அதனால் என்ன பயன்?*
— வாசகர், லூயிவில்

அது வடிசாலையின் பதிவு எண். பாண்டட் லேபிளில் வடித்த இடத்தின் எண் இருக்கும். பிராண்டின் பெயர் கைமாறிக்கொண்டே இருக்கும், எண் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓல்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு பாட்டிலில் கென்டக்கி 16 என்று இருந்தால், அது லூயிவில் அருகே ஷைவ்லியில் இருந்த ஸ்டிட்ஸல்-வெல்லரில் வடித்தது. ரை தானியத்துக்குப் பதில் கோதுமை சேர்த்த பர்பன். அங்கே வடிப்பு 1992இல் நின்றது. சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்வது இந்த எண்ணுக்காகத்தான். கென்டக்கி 31 என்றால் பார்ட்ஸ்டவுனில் இருந்த ஹெவன் ஹில். 1996 நவம்பர் 7 அன்று பிடித்த தீயில் அந்த வடிசாலை அழிந்தது. அதே பிராண்டின் பிற்காலப் பாட்டில்களில் எண் 1 இருக்கும்.

*பாட்டில் திறக்கவே இல்லை, ஆனால் மட்டம் கழுத்திலிருந்து இறங்கித் தோளுக்கு வந்துவிட்டது. அடியில் மெல்லிய பஞ்சு போல ஏதோ மிதக்கிறது. கெட்டுவிட்டதா?*
— வாசகி, நியூ ஜெர்சி

இரண்டும் வேறு வேறு சங்கதிகள்.

பஞ்சுக்குப் பயப்பட வேண்டாம். குளிரில் கிடந்த விஸ்கியில் கொழுப்பமிலச் சேர்மங்கள் திரண்டு மேகம் போல நிற்கும். வீட்டுச் சூட்டில் இரண்டு நாள் வைத்து மெல்லத் திருப்பிவிட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். கரையாமல் அடியில் தங்கும் பொடி பீப்பாய்க் கரியாகவோ தக்கைத் துகளாகவோ இருக்கலாம். வடிகட்டினால் போதும்.

மட்டம் இறங்கியதுதான் கவலைக்குரியது. கழுத்தின் அடிவரை இறங்கியிருந்தால் அரை நூற்றாண்டுப் பாட்டிலுக்கு அது இயல்பு. தோளுக்கு வந்துவிட்டால் மூடி காற்றை விடுகிறது என்று பொருள். வாசனை வெளியேறிக் காற்று உள்ளே போய், சரக்கு தட்டையாக, நனைந்த அட்டை போல ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். குடித்தால் ஆபத்தில்லை, குடிக்க ருசியிருக்காது. பெயரைப் பார்த்து வாங்குவதைவிட மட்டத்தைப் பார்த்து வாங்குவது மேல் என்பது எங்கள் கட்சி.

இன்னொன்று: விஸ்கி பாட்டிலில் முதிர்வதில்லை. 6 ஆண்டு பர்பன் 50 ஆண்டு அலமாரியில் இருந்தாலும் 6 ஆண்டு பர்பன்தான்.

*தக்கை வைத்த 1980களின் பாட்டிலைத் திறக்கப் போகிறேன். உடைந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.*
— வாசகர், டல்லாஸ்

பாதிக்குப் பாதி உடையும், அதற்குத் தயாராக உட்காருங்கள். பக்கத்தில் நல்ல மாற்றுத் தக்கை ஒன்று (அதே பிராண்டின் புதுப் பாட்டிலுடையது பெரும்பாலும் பொருந்தும்), திருகு கருவி, மெல்லிய டீ வடிகட்டி, வெளுக்காத காபி வடிதாள், கழுவிக் காயவைத்த கண்ணாடிக் குடுவை ஆகியவை இருக்கட்டும்.

பாட்டில் இத்தனை காலம் நின்றபடியே இருந்ததால் தக்கை வறண்டிருக்கும். படுக்க வைத்திருந்தால் இன்னும் மோசம், ஆல்கஹால் தக்கையைத் தின்றிருக்கும். திறக்கும் நாளில் பாட்டிலைச் சாய்த்து, சரக்கு தக்கையில் படும்படி ஒரு நிமிடம் பிடியுங்கள். வரிமுத்திரை இருந்தால் கூரிய பிளேடால் மூடியும் கண்ணாடியும் சேரும் இடத்தில் நேராக அறுங்கள். பிறகு மூடியை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருகுங்கள். மூடியைத் திருகினால் மேல்கட்டை மட்டும் கையோடு வந்து, தக்கை உள்ளே நின்றுவிடும். அப்படித் தக்கை உள்ளே நின்றுவிட்டால் திருகு கருவியைச் சற்றே சாய்வாக, அழுத்தாமல் இறக்கி மெதுவாக இழுங்கள். அதுவும் நொறுங்கினால் உள்ளே தள்ளிவிட்டு, டீ வடிகட்டியில் ஒருமுறை, தாளில் ஒருமுறை வடியுங்கள். தாளை முதலில் வெந்நீரில் அலசி உலர்த்தினால் காகித வாடை வராது. முழுப் பாட்டில் தாளில் இறங்க வெகுநேரம் பிடிக்கும். புனலின் மேல் ஒரு தட்டு போட்டு மூடுங்கள்.

திருகு மூடிப் பாட்டிலில் வேறு தொல்லை. பழைய பிளாஸ்டிக் மூடி திருகும்போது விரிசல் விடும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடியில் ஒரு நிமிடம் சுற்றிவைத்துத் திருகுங்கள். உள்ளே இருக்கும் வட்ட அட்டை மக்கியிருந்தால் பழைய மூடியையே மறுபடி போட வேண்டாம், அந்த வாடை சரக்கில் ஏறும்.

ஊற்றுவது 30 மி.லி. போதும், குவிந்த வாயுள்ள கிளாசில். உடனே முகர்ந்துவிட்டு முகம் சுளிக்காதீர்கள். முதலில் பூட்டிய அறை வாடையும் செம்புக்காசு வாடையும் வரும். 20 நிமிடம் விட்டால் பெரும்பாலும் விலகி, உள்ளிருந்து கருப்பட்டிப் பாகு, புளித்த செர்ரி, பழைய தோல் போன்ற மணங்கள் எழும். ஒரு மணி நேரமாகியும் அட்டை வாடை போகாவிட்டால் போகாது. ஐஸை முதல் கிளாசில் போடாதீர்கள், மணம் அடங்கிவிடும். வேண்டுமானால் தண்ணீர் அரை டீஸ்பூன்.

*வான்கோழி வடிவப் பீங்கான் ஜாடி, உள்ளே பர்பன் தளும்புகிறது. குடிக்கலாமா?*
— வாசகி, அட்லாண்டா

குடிக்காதீர்கள். 1960, 70களில் வைல்ட் டர்க்கி, ஜிம் பீம் போன்றவை இப்படி ஜாடி ஜாடியாக விற்றன. பீங்கானின் மேற்பூச்சில் ஈயம் இருக்கலாம். பல பத்தாண்டுகள் 40 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் அதில் ஊறும்போது ஈயம் சரக்கில் இறங்கலாம். வடிதாளோ கரியோ போட்டு வீட்டில் அதை நீக்கிவிட முடியாது. கடையில் கிடைக்கும் ஈயச் சோதனைக் குச்சி பாத்திரத்தின் மேற்பரப்புக்கானது, திரவத்தில் எவ்வளவு என்று சொல்லாது. ஆய்வகத்துக்குச் சிறிது அனுப்பிக் கேளுங்கள். ஒப்பிட ஓர் அளவு: பாட்டில் குடிநீரில் அமெரிக்கா அனுமதிக்கும் ஈயம் நூறு கோடியில் 5 பங்கு. அந்தச் செலவு தண்டம் என்று தோன்றினால் ஜாடியை அலமாரியில் வையுங்கள், அழகாகத்தான் இருக்கும். ஈயக் கண்ணாடியில் செய்த பளபளக்கும் குடுவையில் மீந்த விஸ்கியை ஊற்றி வைப்பதும் இதே தவறுதான்.

*பழைய பர்பன் இன்றையதைவிட உசத்தி என்பது உண்மையா, பெருமைப் பேச்சா?*
— வாசகர், சிகாகோ

இரண்டும் கலந்தது. பீப்பாயில் ஊற்றும்போது இருக்கக்கூடிய உச்ச ப்ரூஃப் 1962இல் 110லிருந்து 125 ஆனது. குறைந்த ப்ரூஃபில் ஊற்றினால் பாட்டிலாக்கும்போது சேர்க்கும் தண்ணீர் குறையும், பீப்பாயில் பெற்ற சுவை நீர்த்துப் போகாது. 1970, 80களில் அமெரிக்கர்கள் வோட்காவுக்கு மாறியதால் பர்பன் கிடங்கில் தேங்கியது. லேபிளில் போடும் வயது குறைந்தபட்ச வயதுதான், ஆகவே முதிர்ந்த சரக்கு இளைய லேபிளில் போக வழி இருந்தது.

ஆனால் 50 சதவீத பழைய பாண்டட்டையும் 40 சதவீத இன்றைய மலிவுச் சரக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை. அன்றும் குப்பை இருந்தது. நிலவறைகளில் கிடைப்பதில் நிறைய 'பிளெண்டட் விஸ்கி'தான். அதில் பீப்பாயில் முதிர்ந்த, கலப்பில்லாத 'ஸ்ட்ரெய்ட்' விஸ்கி ஐந்தில் ஒரு பங்கே இருக்கலாம், மிச்சம் மணமற்ற ஸ்பிரிட். லேபிளில் 'ஸ்ட்ரெய்ட் பர்பன்' இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

*வாங்கும்போது போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?*
— வாசகர், ஹூஸ்டன்

தேதிகளை மோதவிடுங்கள். அடியில் உள்ள கண்ணாடி ஆண்டு, முத்திரையில் உள்ள பாட்டிலாக்கிய ஆண்டைவிடப் பிந்தி இருக்கவே முடியாது. முத்திரை மூடியைத் தாண்டி இருபுறமும் ஒட்டியிருக்க வேண்டும். பளிச்சென்ற புதுப் பசை, பட்டையின் மடிப்பில் வெட்டு, 50 ஆண்டுப் பாட்டிலில் கழுத்து நிரம்பிய மட்டம் ஆகியவை சந்தேகத்துக்குரியவை. காலிப் பாட்டில் விலைக்குப் போவதே மறுபடி நிரப்பத்தான். நீங்கள் காலி செய்ததன் லேபிளைக் கிழித்துவிட்டுப் போடுங்கள்.

கென்டக்கியில் 2018 ஜனவரி முதல், உரிமம் பெற்ற கடைகள் தனியாரிடமிருந்து சீல் உடையாத பழைய பாட்டிலை வாங்கி விற்கச் சட்டம் இடம் தருகிறது. கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் அப்படிப்பட்ட கடையில் வாங்குங்கள், கேட்க ஓர் ஆள் இருப்பார். உரிமமில்லாமல் ஆளுக்கு ஆள் விற்பது பெரும்பாலான இடங்களில் சட்டவிரோதம். ஏமாந்தால் புகார் கொடுக்கவும் வாய் வராது.

*கோயம்புத்தூரில் இருக்கும் மாமாவுக்கு ஒன்று கொண்டுபோகலாமா?*
— வாசகர், சான் ஹோசே

24 முதல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ளதை, திறக்காத பாட்டிலாக, சரக்குப் பெட்டியில் ஒருவர் 5 லிட்டர் வரை வைக்கலாம். இந்தியச் சுங்கத்தில் தீர்வையின்றி 2 லிட்டர். பழைய தக்கை விமானத்தில் படுத்துக் கிடந்தால் கசியும். மூடியைச் சுற்றிப் பாரஃபின் படலம் இழுத்து ஒட்டி, இரண்டு நெகிழிப் பைகளில் போட்டு, துணிகளுக்கு நடுவே நிற்கவையுங்கள். சென்று சேர்ந்ததும் மட்டத்தைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

*திறந்த பாட்டிலை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?*
— வாசகி, டொராண்டோ

பாதிக்கு மேல் இருக்கும்வரை சில மாதங்கள் தாங்கும். மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று வேலையைக் காட்டத் தொடங்கும். 200 மி.லி. கண்ணாடிப் பாட்டிலுக்குக் கழுத்துவரை மாற்றி, புது மூடி போட்டு, வெளிச்சம் படாத அலமாரியில் நிற்கவையுங்கள். பழைய பாட்டிலின் பெயரையும் திறந்த தேதியையும் அதில் ஒட்டிவிடுங்கள்.