லோடு ஏற்றினால் மட்டும் வரும் பழுது சர்வீஸ் சென்டரில் ஏன் சிக்குவதில்லை?

கேள்வி: பிக்கப் வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது. லோடு ஏற்றிக் கிளம்பினால் காலுக்கடியில் தரை அதிர்கிறது. கியர் மாற்றும்போது பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். பிரேக்கும் முன்போலப் பிடிப்பதில்லை. மூன்று முறை சர்வீஸுக்கு விட்டும் ‘எல்லாம் நார்மல்’ என்றே திருப்பித் தருகிறார்கள். உண்மையிலேயே பழுதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

பழுதாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்த மூன்று முறையும் வண்டியைக் காலியாகத்தானே கொண்டுபோய் விட்டீர்கள்?

நானும் அப்படித்தான் விட்டேன், நான்கு முறை. என்னுடையது டீசல், மேனுவல் கியர். பின்னால் 400, 500 கிலோ ஏற்றிக்கொண்டு நின்ற இடத்திலிருந்து கிளம்பினால், இரண்டாம் கியரில் 20 கி.மீ. வேகத்திலிருந்து 35 வரைக்கும் சீட்டைப் பிடித்து யாரோ உலுக்குவது மாதிரி இருக்கும். 40-ஐத் தாண்டியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். முதல் முறை வீல் பேலன்ஸிங்கும் அலைன்மென்ட்டும் பார்த்தார்கள். இரண்டாம் முறை டயர்களை முன்பின்னாக மாற்றிப் போட்டார்கள். மூன்றாம் முறை நான் என் மேதாவித்தனத்தைக் காட்டி, “கிளட்ச் போயிருக்கும்போல” என்று சொல்லித் தொலைத்தேன். புகாரை எழுதும் தாளான ஜாப் கார்டில் ‘கிளட்ச் செக்’ என்று ஏறியது. கிளட்சைப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது, வண்டியை அனுப்பிவிட்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என்ன செய்கிறது என்று சொல்லாமல் எது கெட்டிருக்கிறது என்று சொன்னவன் நான்தான்.

நான்காம் முறை சர்வீஸ் அட்வைசர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “சார், பிக்கப்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். கார் ஓட்டிப் பழகினவங்களுக்குப் புதுசாத் தெரியும்.”

கடைசியில், லாரிகளிலேயே காலம் தள்ளிய ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். வண்டியைத் தொடவே இல்லை அவர். பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, “காலி வண்டியக் கொண்டாந்து நிறுத்திட்டு லோடு வண்டியோட நோவச் சொன்னா எப்படித் தம்பி?” என்றார். மணல் மூட்டைகளை ஏற்றச் சொன்னார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, “கிளம்பு” என்றார். ஐம்பது மீட்டர் போயிருப்போம். “நிறுத்து. சென்டர் பேரிங்.” அடியில் படுத்துப் பார்த்தால், பேரிங்கைத் தாங்கும் ரப்பர் பாதிக்கு மேல் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பிக்கப் நீளமான வண்டி என்பதால் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் பெரும்பாலும் இரண்டு துண்டாக இருக்கும். நடுவே அதைச் சேஸியோடு பிடித்து நிறுத்துவது ரப்பருக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு பேரிங். லோடு ஏற்றினால் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் படிந்து, சேஸி கீழே இறங்கும். ஷாஃப்ட்டின் கோணம் மாறும், ஷாஃப்ட்டை வளைந்து சுற்ற விடும் இணைப்புகளான கிராஸ் ஜாயின்ட்டுகள் வேறு கோணத்தில் சுற்ற வேண்டியிருக்கும். கிளம்பும்போது இன்ஜினின் முறுக்குவிசை அதிகம். அந்த இரண்டும் சேரும்போது கிழிந்த ரப்பர் ஷாஃப்ட்டைத் துள்ள விட்டுவிடுகிறது. காலி வண்டியில் அந்தக் கோண மாற்றமும் இல்லை, இழுக்க வேண்டிய எடையும் குறைவு. அட்வைசர் ஓட்டிப் பார்த்த பத்து நிமிடத்தில் அந்த ரப்பர் நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் அதிர்வும் இதுதான் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சத்தியம் செய்யமாட்டேன். நீங்களே பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. அதிரும் வேகத்திலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அதிர்வு சட்டென்று நின்றால் ஷாஃப்ட், ஜாயின்ட், மவுண்ட் மாதிரி விசை கடந்து போகிற ஏதோ ஒன்றில் கோளாறு. காலை எடுத்த பிறகும் அதே வேகத்தில் தொடர்ந்தால் டயர், சக்கரம் பக்கம் பாருங்கள். ஒரு கியர் மேலே போட்டு அதே வேகத்தில் ஓட்டியும் அதிர்வு மாறவில்லையென்றால் இன்ஜினை விட்டுவிடலாம். அதிர்வின் தன்மையையும் கவனியுங்கள். 80 கி.மீ. வேகத்தில் பிக்கப்பின் சக்கரம் விநாடிக்குச் சுமார் 10 சுற்று சுற்றும். பின் ஆக்ஸிலின் பல்விகிதம் 4 என்றால் ஷாஃப்ட் அதே நேரத்தில் 40 சுற்று சுற்றிவிடும். அதனால் சக்கரக் கோளாறு ஆட்டமாகத் தெரியும். ஷாஃப்ட் கோளாறு ரீங்காரமாக, பல் கூசுகிற மாதிரி தெரியும். என்னுடையது போலக் கிளம்பும்போது மட்டும் வருகிற குலுக்கல் மூன்றாவது ரகம், அது கோணம் சம்பந்தப்பட்டது.

‘டக்’ சத்தத்துக்கு வருகிறேன். கிராஸ் ஜாயின்ட்டில் பிளே (தளர்வு) வந்தாலும் அந்தச் சத்தம் வரும், ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் ஸ்ப்ளைனில் கிரீஸ் காய்ந்தாலும் வரும், ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்தாலும் வரும். கிரீஸ்தான் காரணம் என்றால் அரைமணி நேர வேலை. கிராஸ் என்றால் அதன் மூடிகளைச் சுற்றி செங்காவி நிறத்தில் தூள் படிந்திருக்கிறதா பாருங்கள். உள்ளே ஊசி பேரிங் வறண்டு அரைபடுவதன் அடையாளம் அது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமல் மட்டும் வண்டிக்கு அடியில் போய்விடாதீர்கள்.

மூன்றாவதாக நீங்கள் சொன்ன பிரேக்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இதில் என் கதை கொஞ்சம் வெட்கக்கேடு. நானும் ‘லோடு ஏற்றினால் பிரேக் பிடிக்கவில்லை’ என்று புகார் எழுதிக்கொடுத்தேன். முன் பேடுகள் தேய்ந்திருந்தன, புதிது போட்டார்கள், கொஞ்ச நாளில் பழையபடி ஆனது. காரணம் நான்தான். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் பின்பக்கம் தாழ்கிறதே என்று இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகச் சேர்த்திருந்தேன். பல பிக்கப்புகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு கம்பி, அதன் நுனியில் ஒரு வால்வு இருக்கும். எல்.எஸ்.பி.வி. என்பார்கள். சேஸி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து, பின்னால் எவ்வளவு எடை இருக்கிறது என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப பின் பிரேக்குக்கு அழுத்தம் அனுப்புவது அதன் வேலை. காலி வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும், லோடு இருந்தால் கூட்டும். நான் பட்டை சேர்த்ததால் அரை டன் ஏற்றினாலும் சேஸி நிமிர்ந்தே நின்றது. வால்வு வண்டி காலி என்று நம்பிக்கொண்டது. பின் பிரேக் பாதி வேலைதான் செய்தது, மீதியை முன் பேடுகள் சுமந்தன. கூடுதல் பட்டையைக் கழற்றி, வால்வை அதன் அளவுக்குச் சரிசெய்த பிறகுதான் வண்டி வண்டியாக நின்றது. புது மாடல்கள் பலவற்றில் இந்த வால்வு இல்லாமல் எலக்ட்ரானிக்ஸே அந்த வேலையைச் செய்கிறது. உங்கள் வண்டியில் எது என்று ஓனர் மேனுவலில் பாருங்கள்.

பிரேக்கில் இன்னொரு சாத்தியமும் இருக்கிறது. பின் டிரம்முக்குள் ஆயில் இறங்கியிருக்கலாம். சீல் போய்விட்டது என்று சீலை மாற்றுவார்கள், மறுபடியும் கசியும், மறுபடியும் மாற்றுவார்கள். ஆக்ஸிலின் மேலே விரல்நுனி அளவுக்கு, காற்று போய்வர ஒரு பிரீத்தர் இருக்கிறதே, அதை யாரும் பார்ப்பதில்லை. லோடோடு ஓடினால் ஆக்ஸில் சூடாகி உள்ளே காற்று விரியும். பிரீத்தர் சேறு அடைத்துக் கிடந்தால் அந்தக் காற்றுக்குப் போக வழி கிடையாது, ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளிவிடும். சூடான ஆக்ஸிலோடு தண்ணீருக்குள் இறங்கினால் நேர் எதிராக நடக்கும். உள்காற்று சட்டென்று சுருங்கித் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுப்பு) ஆயில் பால் கலந்த காபி மாதிரி வந்தால் அதுதான் விஷயம்.

இந்தக் குறைகள் எல்லாமே வண்டியிடம் வேலை கேட்கும்போதுதான் முகத்தைக் காட்டுகின்றன. ‘பிக்கப்பில் பிக்கப் இல்லை’ என்று ஒரு புகார் அடிக்கடி கேட்கலாம் (சொல்லும்போதே சிரிப்பு வரும், அனுபவித்தவருக்கு வராது). டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸில் ஒரு கீறல் இருந்தால் ஐட்லிங்கில் அது மூடியே இருக்கும். ஏற்றத்தில் மிதிக்கும்போது அழுத்தத்தில் வாய் பிளந்து காற்று வெளியேறும். கரும்புகை, இழுவைக் குறைவு, ‘புஸ்’ என்ற சத்தம் எல்லாம் அப்போதுதான். பாதி அடைத்த டீசல் ஃபில்டரும் அப்படியே. விதிவிலக்கு ஒன்று: ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் 60, 70 கி.மீ. வேகத்தில் லேசாக மிதித்து ஓட்டும்போது வரிவரியான மேடுகள் மேல் போவதுபோல நடுங்கினால் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரையும் அதன் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

‘பிக்கப்னா அப்படித்தான்’ என்பதில் பாதி உண்மையும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். காலியாக ஓட்டினால் பின்பக்கம் குதிக்கும், ஏனென்றால் அந்த ஸ்பிரிங் ஒரு டன் சுமப்பதற்குச் செய்தது. ஈரச் சாலையில் காலி வண்டியின் பின்சக்கரம் சுழன்றுவிடும். தேவைப்படும்போது மட்டும் போடுகிற சாதாரணப் பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவைக் காய்ந்த தார்ச்சாலையில் போட்டுக்கொண்டு திரும்பினால் ஸ்டியரிங் இறுகும், டயர் கத்தும். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. அதைப் பழுது என்று எழுதிக்கொடுத்தால், அடுத்து நீங்கள் சொல்லும் உண்மையான பழுதையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் ‘நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை’ என்று எல்லாவற்றையும் ஓட்டுபவர் தலையில் கட்டுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இப்போதைய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. அவ்வப்போது சுமார் 600 டிகிரிக்குச் சூடாகிக் கரியை எரித்துக்கொள்ளும். குட்டிக் குட்டிப் பயணமாகவே ஓட்டினால் எரிப்பு பாதியில் நின்று அது அடைத்துக்கொள்வது உண்மைதான். அதனால் அது அடைத்தாலே ‘நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள்’ என்பது வழக்கமான பதில். ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற டொயோட்டா ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகளில் வெள்ளைப் புகை, நாற்றம், வடிகட்டி அடைப்பு என்று உரிமையாளர்கள் புகார் செய்தார்கள். வழக்கு ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனது. 2,64,000-க்கும் மேற்பட்ட அந்த வண்டிகளின் வடிகட்டி அமைப்பிலேயே குறை இருந்ததாக 2022-ல் தீர்ப்பு வந்தது. குறை வெளிப்பட்டது எப்போது தெரியுமா? சுமார் 100 கி.மீ. வேகத்தில் அடிக்கடி தொடர்ந்து ஓட்டும்போது. எந்த ஓட்டத்தை மருந்தாகச் சொல்வார்களோ, அதிலேயே.

ஆகவே நான்காம் முறை போகும்போது முதலில் பிரேக்கைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு லோடு ஏற்றி ஓட்டிக் காட்டுங்கள். அட்வைசரோ மெக்கானிக்கோ பக்கத்தில் உட்காரட்டும், நீங்கள் ஓட்டுங்கள். ‘ஷாஃப்ட் போயிருச்சு’, ‘கிளட்ச் போயிருச்சு’ என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஜாப் கார்டில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: “400 கிலோ ஏற்றி நின்ற இடத்திலிருந்து கிளம்பினால் இரண்டாம் கியரில், 20 முதல் 35 கி.மீ. வேகத்தில் தரை அதிர்கிறது. காலை எடுத்தால் நிற்கிறது. காலி வண்டியில் வருவதில்லை.” எண்கள் உங்களுடையதாக இருக்கட்டும். “ஜெனரல் செக்கப்னு போட்டுக்கறேன் சார்” என்பார்கள். விடாதீர்கள், உங்கள் வார்த்தையே ஏறட்டும். தேதியும் ஓடிய கிலோமீட்டரும் உள்ள அந்தத் தாளின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். வாரண்டி முடிகிற நேரத்தில் ‘இது இப்போதுதான் வந்தது’ என்ற பேச்சு வரும், அப்போது பேச உங்களிடம் இருக்கப்போவது அது ஒன்றுதான். பழைய மூன்று ஜாப் கார்டுகளையும் தேடி எடுங்கள். அதிர்வுக்காக நான் விட்ட நான்கு முறையில் ஒரு கார்டில்கூட ‘லோடு’ என்ற சொல்லே இல்லை. சென்டர் பேரிங்கை வாரண்டியில் வாங்க அதனால்தான் எனக்கு மேலும் இரண்டு வாரம் இழுத்தது.

அதுவரை காலியாக, மெதுவாக ஓட்டுங்கள், அதிர்வோ ‘டக்’ சத்தமோ கூடினால் ஓட்டாமல் காட்டிவிடுங்கள். பிரேக்கைப் பார்க்காமல் மட்டும் லோடு ஏற்றாதீர்கள். வாங்கிய பிறகு பின்னால் பட்டை ஏதாவது சேர்த்தீர்களா, உயரம் ஏற்றினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சேர்த்திருந்தால், அட்வைசரிடம் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.