கீவ் சாலையில் 64 கிலோமீட்டர்

கேள்வி: 2022 பிப்ரவரியில் உக்ரைனுக்குள் புகுந்த ரஷ்யப் படை நினைத்திருந்தால் மூன்றே நாளில் கீவைப் பிடித்திருக்குமாம். பொதுமக்கள் சாகக் கூடாது என்றுதான் 64 கிலோமீட்டர் நீள வண்டி வரிசையை வழியிலேயே நிறுத்தி வைத்ததாம், பிறகு நல்லெண்ணத்தோடு திரும்பிப் போனதாம். எங்கள் லாரி செட்டில் எல்லார் போனிலும் இந்த வீடியோதான் ஓடுகிறது. உண்மைதானே, ஆசிரியர் ஐயா?
(லாரி உரிமையாளர் ஒருவர், கிருஷ்ணகிரி)

பதில்: உண்மையில்லை ஐயா. டீசலையும் டயரையும் நம்பிப் பிழைக்கும் உங்கள் செட்டிலேயே இது ஓடுகிறது என்பதுதான் எனக்கு வருத்தம். அந்த வரிசை நின்ற காரணத்தை உங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் யார் இருக்கிறார்கள்?

முதலில் அவர்கள் போட்ட திட்டத்தைப் பாருங்கள். பிப்ரவரி 24 காலையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஹெலிகாப்டர்கள் கீவின் வடமேற்கு ஓரத்திலுள்ள ஹோஸ்டோமெல் விமான நிலையத்தை நோக்கிப் பறந்தன. வான்குடைப் படையினர் அங்கே இறங்கினார்கள். ஓடுபாதை கைக்கு வந்ததும் ஐஎல்-76 சரக்கு விமானங்களில் ஆட்களும் கவச வண்டிகளும் வந்து குவிய வேண்டும், நேரே தலைநகருக்குள் போக வேண்டும். உக்ரைன் படை அன்றைக்கே திருப்பி அடித்தது. பீரங்கிக் குண்டு விழுந்து ஓடுபாதை கெட்டது. அந்தச் சரக்கு விமானங்கள் கடைசிவரை இறங்கவே இல்லை. முன்னால் வந்த வண்டிகளில் கேடயமும் தடியுமாகக் கலவரத் தடுப்புப் போலீஸ்கூட இருந்தது; சண்டையே இருக்காது, கூட்டத்தைக் கலைத்தால் போதும் என்ற கணக்கு. பிப்ரவரி 26 காலையில் ரஷ்ய அரசுச் செய்தி நிறுவனம் ரியா நோவோஸ்தி வெற்றிக் கட்டுரையையே வெளியிட்டுவிட்டு, அவசரமாக நீக்கியது. மெதுவாகப் போக முடிவெடுத்தவர்கள் மூன்றாம் நாளுக்கு வெற்றிக் கட்டுரை எழுதி வைப்பார்களா?

வானில் வழி அடைபட்டதும் மொத்தப் பாரமும் சாலைமேல் விழுந்தது. பெலாரஸ் எல்லையிலிருந்து கீவ் நேர்க்கோட்டில் 100 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் டினிப்பர் ஆற்றின் மேற்குக் கரையில் அது முழுக்கக் காடும் சதுப்பும். பாரம் தாங்கும் தார்ச்சாலைகள் சிலவே. பிப்ரவரிக் கடைசியில் உறைந்த மண் இளகத் தொடங்கிவிடும். வயலில் இறங்கிய டாங்கியே புதைந்துபோகும், சக்கர வண்டியைக் கேட்க வேண்டாம். ஆகவே எல்லாரும் தாரைவிட்டு இறங்காமல், சில இடங்களில் இரண்டு மூன்று வண்டி அகலத்துக்கு அடைத்துக்கொண்டு நின்றார்கள். பிப்ரவரி 28-ல் செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தது அதுதான். 64 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய தருமபுரியிலிருந்து சேலம் வரை. தொப்பூர் கணவாயில் ஒரே ஒரு டிரெய்லர் குறுக்கே சாய்ந்தால் பின்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே முன்வண்டிகள் எரிந்து கிடந்தன, மீட்க கிரேன் போக முடியவில்லை, காட்டுக்குள் ஆயுதத்தோடு ஆட்கள் காத்திருந்தார்கள்.

எதிரே ஆறும் வழிவிடவில்லை. இர்பின் ஆற்றுப் பாலங்களை உக்ரைன் படையே தகர்த்தது. அந்த ஆறு கீவ் நீர்த்தேக்கத்தில் சேரும் இடத்தில், கொசாரோவிச்சியில், ஓர் அணை உண்டு. நீர்த்தேக்கத்தின் மட்டம் ஆற்றைவிட உயரம். பம்ப் வைத்துத்தான் ஆற்று நீரை மேலே ஏற்றுவார்கள். அணை உடைபட்டதும் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் திரும்பிப் பாய்ந்து பள்ளத்தாக்கையே ஏரியாக்கியது. டெமிடிவ் கிராமத்து வீடுகள் மூழ்கின. சொந்த மக்களின் வீட்டை மூழ்கடித்துத்தான் தலைநகரைக் காத்தார்கள். அந்த விலையையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி டீசல். டி-72 டாங்கியில் 1,200 லிட்டர் பிடிக்கும், நல்ல சாலையில் சுமார் 460 கிலோமீட்டர் ஓடும். சேற்றில் அந்தக் கணக்கு செல்லாது. ஒரு படைக்குழுவில் பத்து டாங்கி என்று வையுங்கள். அவற்றை ஒருமுறை நிரப்பவே 12,000 லிட்டர், நம்மூர் பங்குக்கு வரும் ஒரு டேங்கர் லோடு. கூட வரும் முப்பது நாற்பது கவச வண்டிகள், லாரிகள், பீரங்கி இழுக்கும் வண்டிகள் எல்லாம் தனி. வண்டி நின்றாலும் செலவு நிற்காது. இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே; பேட்டரி இறங்காமலிருக்கவும் ஆட்கள் விறைக்காமலிருக்கவும் எஞ்சினை ஓடவிட்டே ஆக வேண்டும். நெரிசலில் பின்னாலிருக்கும் டேங்கர் முன்னால் வர வழியில்லை. உக்ரைன் படையும் டேங்கர்களைத் தேடித் தேடி அடித்தது.

ரஷ்ய ராணுவம் ரயிலை நம்பியிருப்பது. ரஷ்யா, பெலாரஸ், உக்ரைன் மூன்றிலும் தண்டவாள அகலம் ஒன்றே, 1,520 மில்லிமீட்டர். ஆனால் சந்திப்பு நகரங்களைப் பிடித்தால்தான் அது உதவும். செர்னிஹிவ் விழவே இல்லை. பெலாரஸில் ரயில்வேத் தொழிலாளர்கள் சிலர் சிக்னல் பெட்டிகளை எரித்து வண்டிகளைத் தாமதப்படுத்தினார்கள். ரயில் நின்ற இடத்திலிருந்து எல்லாம் லாரியில். பெரும்பாலும் பாலெட் இல்லை, ஃபோர்க்லிஃப்ட் இல்லை. 40 கிலோவுக்கு மேல் கனக்கும் 152 மில்லிமீட்டர் குண்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றி இறக்கினார்கள். ஒரு நடைக்கு எவ்வளவு நேரம் வீணாகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

டயரும் காலை வாரியது. வருடக்கணக்கில் நகர்த்தாமல் ஒரே இடத்தில் நிறுத்திய வண்டியில் ரப்பர் வெயிலில் வெடிக்கும், சைடுவால் வலுவிழக்கும். பார்வைக்குப் புது டயர் போலவே இருக்கும். சேற்றில் ஏறக் காற்றைக் குறைத்து ஓட்டும்போது பக்கம் மடங்கி அந்த வெடிப்பிலேயே கிழியும். பான்ட்சிர் ஏவுகணை வண்டி ஒன்று டயர் கிழிந்து சேற்றில் கைவிடப்பட்டுக் கிடந்த படம் அப்போது உலகமே பார்த்தது.

அடித்தவர்களின் ஆயுதமும் சிறியதுதான். பிரிட்டன் ஜனவரியிலேயே டாங்கியை உடைக்கும் என்லா ஏவுகணைகள் சுமார் 2,000 அனுப்பியிருந்தது. எடை 12.5 கிலோ, ஒருவரே தோளில் வைத்து 800 மீட்டர் வரை அடிக்கலாம். தலைவண்டியையும் வால்வண்டியையும் எரித்தால் நடுவில் இருப்பவை எங்கும் போக முடியாது. மார்ச் 10 வாக்கில் அந்த வரிசை கலைந்து மரங்களுக்குள் ஒதுங்கியது.

இதே ராணுவம் அதே வாரத்தில் தெற்கே எப்படிப் போனது என்பதையும் பாருங்கள். 2014-லேயே ரஷ்யா பிடித்து வைத்திருந்த கிரிமியாவிலிருந்து கிளம்பியவர்களுக்குப் பின்னால் ரயில் இருந்தது, முன்னால் பாலங்கள் தகர்க்கப்படாமல் இருந்தன, நிலம் திறந்த சமவெளி. மார்ச் 2-ல் கெர்சோன் நகரமே கையில். போக முடிந்த இடத்தில் அவர்கள் நிற்கவே இல்லை.

பொதுமக்கள் மீது இரக்கமா? நம் பக்கத்துக் கர்நாடகத்திலிருந்து மருத்துவம் படிக்கப் போன மாணவர், மார்ச் 1 அன்று கார்கிவில் உணவு வாங்க வெளியே வந்த இடத்தில் குண்டுவீச்சில் இறந்தார். மார்ச் 3-ல் செர்னிஹிவ் குடியிருப்புகள் மீது விமானக் குண்டு வீசியதில் 47 பேர் செத்தார்கள். கீவ் அருகே புச்சாவை விட்டு ரஷ்யப் படை போனபின் எடுத்த உடல்கள் நானூறுக்கும் மேல். அந்த வீடியோ செய்தவர் இவர்கள் வீட்டாருக்குப் பதில் சொல்லட்டும்.

நல்லெண்ணம் என்று சொல்வது மார்ச் 29 இஸ்தான்புல் பேச்சுவார்த்தை நாளில் ரஷ்யா செய்த அறிவிப்பை. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் கீவ், செர்னிஹிவ், சுமி பகுதிகளிலிருந்து அந்தப் படைகள் விலகின. ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. பெலாரஸ் வழியாகவும் ரஷ்யா வழியாகவும் சுற்றிக்கொண்டு, ரயில் பாதை பக்கத்திலேயே இருக்கும் கிழக்கு உக்ரைனின் டான்பாஸ் போர்முனைக்குப் போய்ச் சேர்ந்தன. ஏப்ரல் நடுவில் அங்கே அடுத்த தாக்குதல் தொடங்கியது.