வாங்கும் முன்: பிஎச் மீட்டர், காரத் தண்ணீர்

கேள்வி: எங்கள் போர் தண்ணீருக்கு டிடிஎஸ் மீட்டரில் 640 வருகிறது. அமிலமா, காரமா?

பதில்: அந்தக் கருவி அதைச் சொல்லாது. கரைந்திருக்கும் உப்பை மட்டும்தான் காட்டும். அமிலமா, காரமா என்று சொல்வது பிஎச் எண்: 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய பேனா மாதிரி பிஎச் மீட்டர், குழாய்த் தண்ணீர், மோர் எதில் வைத்தாலும் 8-க்கு மேல் காட்டுகிறது.

பதில்: புளித்த மோர் 4.5 பக்கம் இருக்கும். உங்கள் மீட்டர் பொய் சொல்கிறது. பெட்டியில் 4.01, 6.86 என்று எழுதிய பவுடர் பாக்கெட்டுகள் இருந்தனவா? அவற்றைக் கரைத்து முதலில் அளவைச் சரிசெய்ய வேண்டும். நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழ் காயவும் கூடாது. மூடியில் பொட்டாசியம் குளோரைடு கரைசல் சில சொட்டு விட்டு வையுங்கள். நான் என் மீட்டரைத் துடைத்துக் காயவைத்தே பாதுகாத்தேன். அது காட்டிய 8.8-ஐ நம்பி மீன் தொட்டியில் பிஎச் குறைக்கும் மருந்தை ஊற்றினேன். ஏழு மீன்கள் செத்தன. இன்னும் மனசு ஆறவில்லை.

கேள்வி: ஊரில் தனியாக இருக்கும் அம்மாவிடம், சர்க்கரை நோய் தீரும் என்று சொல்லி 1,10,000 ரூபாய்க்குக் காரத் தண்ணீர் மிஷினை விற்றுவிட்டார்கள். பிஎச்சுக்கு ஏற்ப நிறம் மாறும் திரவத்தைச் சொட்டு விட்டதும் மிஷின் தண்ணீர் நீலமானதாம்.

பதில்: அம்மாவைத் திட்டாதீர்கள். வயதானவர்களின் பயத்தை விலைக்கு விற்கும் இந்த வியாபாரத்தைப் பார்த்தால் எனக்குக் கொதிக்கிறது. குழாய்த் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டு அதே திரவத்தைச் சொட்டு விடுங்கள், அதே நீலம் வரும். இரைப்பை அமிலத்தின் பிஎச் 1.5 முதல் 3.5 வரை; குடிக்கும் காரம் அங்கேயே அடங்கிவிடும். ரத்தத்தை 7.35 முதல் 7.45-க்குள் வைத்திருப்பவை நுரையீரலும் சிறுநீரகமும்தான். இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்குக் கேட்பது 6.5 முதல் 8.5 மட்டுமே. அம்மா மாத்திரையை நிறுத்தியிருக்கிறாரா என்று இன்றே கேளுங்கள். பில், நோட்டீஸ், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

கேள்வி: ஆர்ஓ தண்ணீர் பிஎச் தாளில் 6 காட்டுகிறது. மிஷினைத் திருப்பித் தரலாமா? பில் வாங்கவில்லை.

பதில்: உப்பு குறைந்த தண்ணீரில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்தாலே பிஎச் இறங்கும். மிஷின் மேல் குற்றமில்லை. பில் இல்லாமல் எதை வைத்துத் திருப்பித் தருவீர்கள்?