கோர்ட் ஓரம்: டபுள்ஸ் ஆடுகிறவர்களுக்காக (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் இரட்டையர் ஆட்டம் பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் படித்ததும் இந்த முறை வேறு எதையும் எடுக்க மனசு வரவில்லை. எல்லாமே நம் பக்கத்திலிருந்து வந்தவை, பழைய வட ஆற்காடு முழுக்க ஷட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது போல.

என் மகளுக்கு 14 வயது, மூன்று வருடமாக ஷட்டில் ஆடுகிறாள். இடது கை. இனி டபுள்ஸில் கவனம் வைக்கலாம் என்று கோச் சொல்கிறார். "சிங்கிள்ஸில் தேறாதவங்களைத்தான் டபுள்ஸுக்குத் தள்ளுவாங்க" என்று என் தம்பி சொல்கிறான். நிலையாக ஒரு பார்ட்னரும் இல்லை. இதில் எதிர்காலம் இருக்கிறதா அக்கா?
(ஒரு வாசகி, குடியாத்தம்)

அம்மா, உங்கள் தம்பி சொல்வது புதிதில்லை. நான் சத்துவாச்சாரியில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து "டபுள்ஸ் வேணாம் மேடம், சிங்கிள்ஸ்லயே வைங்க" என்று சொல்லாத பெற்றோரை விரல் விட்டு எண்ணிவிடலாம். நம் ஊருக்குப் பழக்கப்பட்ட பெருமை பளுதூக்குதல். சதீஷ் சிவலிங்கம் 2014லும் 2018லும் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினார், அவருக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் யாரும் இல்லை. அப்படி ஒருவர் தனியாக நின்று ஜெயித்ததைக் கொண்டாடிய ஊரில், இன்னொருவரோடு சேர்ந்து ஜெயிப்பது பாதி ஜெயிப்பு மாதிரித் தெரிகிறது.

ஆனால் கோர்ட்டைக் கொஞ்சம் பாருங்கள். சிங்கிள்ஸுக்கு அகலம் 5.18 மீட்டர், டபுள்ஸுக்கு 6.10. ஆள் இரண்டு மடங்கு ஆகிறார்கள், இடமோ ஒரு மீட்டர்கூடக் கூடவில்லை. ஷட்டிலைப் போட இடமே இல்லாத ஆட்டம் இது, அதனால் இடத்தை நாமே உண்டாக்க வேண்டும். சர்வீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கும் நேரத்தில் ஷட்டில் தரையிலிருந்து 1.15 மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது, நெட்டின் நடு உயரம் 1.524 மீட்டர். கீழிருந்து ஏற்றித்தான் அனுப்ப வேண்டும், ஆனால் நெட்டுக்கு மேலே ஒரு சாண் கூடுதலாக எழும்பினாலும் எதிரே ராக்கெட்டைத் தூக்கி நிற்கிறவர் அங்கேயே கதையை முடித்துவிடுவார். அந்த ஒரு சர்வீஸைப் படிய வைக்க என் பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகிறது. சிங்கிள்ஸில் தேறாதவர்கள் செய்யக்கூடிய வேலையா இது?

எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் மகளுக்கு இந்தோனேசியாவின் கிரேசியா பொலீ கதையைச் சொல்லுங்கள், எனக்கு மனப்பாடம். 1987ல் பிறந்தவர், சின்ன வயதிலிருந்தே டபுள்ஸ்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மெய்லியானா ஜௌஹாரியோடு இறங்கி, ஒழுங்காக ஆடவில்லை என்று போட்டியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். ஒரு ஆட்டக்காரிக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அப்புறம் நித்யா கிரிஷிந்தா மஹேஸ்வரியோடு ஜோடி சேர்ந்து 2014 ஆசிய விளையாட்டில் தங்கம், 2016 ரியோவில் காலிறுதி. அதோடு நித்யாவுக்குக் காயம். இவருக்கு முப்பது வயது நெருங்குகிறது, கூட ஆட ஆள் இல்லை, போதும் என்று நிறுத்திவிடும் யோசனைக்கே வந்துவிட்டார். அவருடைய கோச் எங் ஹியான், தானும் 2004 ஒலிம்பிக்கில் டபுள்ஸில் வெண்கலம் வாங்கியவர், சின்னப் பிள்ளைகளைத் தூக்கிவிட்டுப் போ என்று அவரை இருக்கவைத்தார்.

அப்படி 2017ல் வந்து சேர்ந்தவர்தான் அப்ரியானி ரஹாயு, கிரேசியாவைவிடப் பதினோரு வயது சின்னவர். அந்த ஜோடி டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 2ஆம் தேதி, சீனாவின் சென் சிங்சென், ஜியா யீஃபான் ஜோடியை 21-19, 21-15 என்று நேர் கேமில் ஜெயித்துத் தங்கம் வாங்கியது. ஒலிம்பிக் பெண்கள் டபுள்ஸில் இந்தோனேசியாவுக்கு அதுவே முதல் தங்கம். இறுதி ஆட்டத்தில் ரேலி நடந்துகொண்டிருக்கும்போதே கிரேசியா ஓரத்துக்கு ஓடிப்போய் வேறு ராக்கெட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். அந்தச் சில நொடி முழுக் கோர்ட்டையும் அப்ரியானி ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டார். அந்த வீடியோவை எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும். 33 வயதில், மூன்றாவது ஒலிம்பிக்கில், மூன்றாவது பார்ட்னரோடு வந்த தங்கம் அது.

இடது கை என்பதைக் குறையாகச் சொல்கிற பாட்டிமார் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். டபுள்ஸில் அது வரம். இடது கை ஆள் வலப்பக்கமும் வலது கை ஆள் இடப்பக்கமும் நின்றால் இரண்டு பேருடைய ஃபோர்ஹேண்டும், அதாவது ராக்கெட் பிடித்த கைப் பக்கமும், நடுக்கோர்ட்டில் வந்து சேரும், நடுவில் யார் எடுப்பது என்று திணறுகிற அந்த ஓட்டை அடைபடும். நம் ஜுவாலா குட்டா இடது கை, அஸ்வினி பொன்னப்பா வலது கை. 2010 டெல்லி காமன்வெல்த்தில் தங்கம், அடுத்த வருடமே லண்டன் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். 1983ல் பிரகாஷ் படுகோன் வாங்கியதற்கு அப்புறம் உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்கு வந்த முதல் பதக்கம் அதுதான்.

கோச் சொல்வதைக் கேளுங்கள். ஒரே ஒரு விஷயம், 17 வயது வரை சிங்கிள்ஸை அடியோடு விட வேண்டாம். காலும் மூச்சும் அதில்தான் வளரும். பார்ட்னர் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

டபுள்ஸில் ஜெயித்தால் பணம் எவ்வளவு வரும்?
(பத்தாம் வகுப்பு மாணவன், ராணிப்பேட்டை)

தம்பி, நேராகவே கேட்டாய், நேராகவே சொல்கிறேன். 2023 இந்தோனேசிய ஓப்பனை நம் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டியும் சிராக் ஷெட்டியும் ஜெயித்தார்கள், சூப்பர் 1000 என்கிற மேல்மட்டப் போட்டி அது. அங்கே சிங்கிள்ஸ் சாம்பியனுக்கு 87,500 டாலர், டபுள்ஸ் சாம்பியன் ஜோடிக்கு 92,500. ஆளுக்குப் பாதி என்றால் 46,250தான். அதே ஊர், அதே வாரம், அதே வியர்வை, கையில் கிடைப்பது பாதியை விடச் சற்றே அதிகம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்த மட்டத்துக்குக் கீழே ஆடுகிறவர்களுக்குப் பரிசுப் பணம் பெரும்பாலும் விமானச் செலவுக்கே காணாது. நம் நாட்டில் நிறையப் பேரைத் தாங்குவது ரயில்வே மாதிரி நிறுவனங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கிற வேலைதான். அதனால் பத்தாவது பரீட்சையையும் ஒழுங்காக எழுது.

இரண்டு ஆட்டம் ஜெயித்தும் ஒலிம்பிக்கில் வெளியே போன கதையை அடிக்கடி சொல்கிறார்களே, அது எப்படி?
(ஒரு வாசகர், ஆம்பூர்)

ஒரு தடவை இல்லை சார், இரண்டு தடவை நடந்தது. ஒலிம்பிக் டபுள்ஸில் முதலில் குரூப் ஆட்டம். நாலு ஜோடியில் முதல் இரண்டு இடத்துக்கு வந்தால்தான் காலிறுதி. 2012ல் ஜுவாலாவும் அஸ்வினியும் ஜப்பானிடம் தோற்று, சீன தைபேயையும் (தைவான் அணிக்கு ஒலிம்பிக்கில் அந்தப் பெயர்) சிங்கப்பூரையும் ஜெயித்தார்கள். கடைசி நாளில் ஜப்பான் தைபேயிடம் தோற்றதால் மூன்று ஜோடிக்கும் தலா இரண்டு வெற்றி. புள்ளிக் கணக்கில் நம் பெண்கள் மயிரிழையில் வெளியே போனார்கள். ஜப்பான் ஆடிய விதம் சரியில்லை என்று இந்தியத் தரப்பு கொடுத்த புகார் எடுபடவில்லை.

அதே ஒலிம்பிக்கில்தான், அடுத்த சுற்றில் பலமான ஜோடியைத் தவிர்க்க வேண்டும் என்று வேண்டுமென்றே தோற்கப் பார்த்ததற்காக நாலு ஜோடிகளை வெளியேற்றினார்கள். சீனாவிலிருந்து ஒன்று, கொரியாவிலிருந்து இரண்டு, இந்தோனேசியாவிலிருந்து ஒன்று. மேலே கிரேசியாவைப் பற்றிச் சொன்னேனே, அந்தச் சம்பவம் இதுதான். அப்புறம் விதியை மாற்றினார்கள். குரூப்பில் இரண்டாவதாக வருகிற ஜோடி யாரோடு மோதும் என்பதற்குக் குரூப் முடிந்த பிறகு குலுக்கல் போடுகிறார்கள்.

டோக்கியோவில் இது திரும்ப நடந்தது. சாத்விக்கும் சிராக்கும் மூன்றில் இரண்டு ஜெயித்தார்கள், அதில் ஒன்று தைபேயின் லீ யாங், வாங் சீ-லின் ஜோடியோடு, மூன்றாவது கேம் 27-25 வரை போனது. மறுபடியும் மூன்று ஜோடிக்குச் சம வெற்றி, மறுபடியும் நாம் வெளியே. நம்மிடம் தோற்ற லீயும் வாங்கும் தங்கம் வாங்கிப் போனார்கள். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் சாத்விக்கும் சிராக்கும் பிரியவில்லை, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 2022ல் ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான தாமஸ் கோப்பையை ஜெயித்த இந்திய அணியில் இருந்தார்கள், அதே வருடம் காமன்வெல்த் தங்கமும் உலக சாம்பியன்ஷிப் வெண்கலமும். 2023ல் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கி உலக முதல் இடத்துக்கே போனார்கள்.

மே மாதத்தில் ஷட்டில் ஒரு கேமுக்குக்கூடத் தாங்குவதில்லை, எல்லா அடியும் கோட்டுக்கு வெளியே போகிறது. என்ன வழி?
(காலைநேர ஆட்டக்காரர்கள், வாலாஜாபேட்டை)

நம் வெயிலுக்கு இது நடக்கத்தான் செய்யும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, ஷட்டிலைத் தடுத்து நிறுத்தாது, அதனால் தூரம் போகிறது. டப்பாவின் மேல் 75, 76, 77 என்று எண் இருக்கும், எண் குறைந்தால் வேகம் குறைவு. டிசம்பரில் வாங்குகிற அதே எண்ணை மே மாதத்திலும் வாங்காமல் ஒரு எண் கீழே இறங்குங்கள். இறகு காய்ந்தால் நொறுங்கும், ஆடுவதற்கு முந்தின ராத்திரி டப்பாவைத் திறந்து லேசாக ஆவி காட்டி மூடி வையுங்கள். நனைத்துவிட வேண்டாம், பதினாறு இறகும் கனத்துப் போகும்.

எனக்கு 15 வயது. நானும் என் பார்ட்னரும் மூன்று வருடம் சேர்ந்து ஆடினோம். போன மாதம் அவள் வேறு பெண்ணோடு ஆடப்போவதாகச் சொல்லிவிட்டாள். நான் நெட்டில் நன்றாக ஆடுவேன், வலது கை. என்ன தப்பு செய்தேன் என்றே தெரியவில்லை. ராக்கெட்டைத் தொடவே பிடிக்கவில்லை அக்கா.
(ஒரு வாசகி, காட்பாடி)

கண்ணு, நீ எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டும் என்று இல்லை. உன் வலி எனக்குத் தெரியும். எங்கள் பனியன் முதுகில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று எழுதி ஆடிய காலம், நானும் ஆற்காட்டுப் பெண் ஒருத்தியும் நாலு வருடம் ஜோடி. அவள் மூச்சு விடுவதை வைத்தே அடுத்த ஷட்டிலை விடப்போகிறாளா எடுக்கப்போகிறாளா என்று எனக்குத் தெரியும். "விடு", "நான்", இந்த இரண்டு வார்த்தையில் ஒரு முழு ஆட்டத்தையே முடித்திருக்கிறோம். ஒரு மாவட்டப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, அதை அவள் சொல்லவில்லை, வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஆறு மாதம் அவளோடு பேசாமல் இருந்தேன். அந்த ஆறு மாதம் ராக்கெட்டையும் தொடவில்லை, அதற்குத்தான் இன்று வரை வருத்தப்படுகிறேன். அவளோடு இப்போது தீபாவளிக்குத் தீபாவளி மணிக்கணக்கில் பேசுகிறேன், போன அந்த ஆறு மாத ஆட்டம் மட்டும் திரும்பவில்லை.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இதுதான். உலகத் தரவரிசை புள்ளிகள் ஜோடியின் பெயரில்தான் சேரும், ஜோடி மாறினால் புது ஜோடியின் கணக்கு புதிதாக ஆரம்பிக்க வேண்டும். தெரிந்தேதான் மாறுகிறார்கள். இந்தோனேசியாவின் டோனி குணாவான் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கேண்ட்ரா விஜயாவோடு தங்கம் வாங்கினார், அடுத்த வருடம் ஹாலிம் ஹர்யாந்தோவோடு உலக சாம்பியன், அப்புறம் அமெரிக்காவுக்குப் போய் 2005ல் ஹோவர்ட் பாக்கோடு மறுபடியும் உலக சாம்பியன். அஸ்வினி, ஜுவாலாவுக்குப் பிறகு சிக்கி ரெட்டியோடு 2018 காமன்வெல்த்தில் வெண்கலம் வாங்கினார், 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தன்னைவிட ரொம்பச் சின்னவரான தனிஷா கிராஸ்டோவோடு போனார். பாரிஸில் மூன்று ஆட்டமும் தோல்விதான், ஆனால் 2010ல் தங்கம் வாங்கிய கை 2024லும் ஒலிம்பிக் கோர்ட்டில் இருந்தது.

உன் பழைய பார்ட்னரிடம் காரணம் கேட்க வேண்டும் என்று தோன்றினால் ஒரு தடவை கேள், சண்டை பிடிக்காமல் கேள். அவள் சொல்லாவிட்டால் விட்டுவிடு.

சரி, இப்போது இந்தப் பக்கத்தின் முதல் கடிதத்தைப் படி. குடியாத்தத்தில் 14 வயதுப் பெண், இடது கை, பார்ட்னர் இல்லை. நீ வலது கை, நெட் ஆட்டம் தெரிந்தவள். குடியாத்தத்துக்கும் காட்பாடிக்கும் நடுவில் ரயில் இருக்கிறது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சம்மதித்தால் பத்திரிகை முகவரிக்கு எனக்கு எழுதுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் ஆடுகிற கோர்ட்டில் சந்திக்க ஏற்பாடு செய்கிறேன், அம்மா அப்பா கூடவே வரட்டும். முதல் நாள் பாயின்ட் எண்ண வேண்டாம். ஒரு மணி நேரம் சர்வீஸும் ரிட்டர்னும் மட்டும் ஆடிப் பாருங்கள். நடுவில் வருகிற ஷட்டிலுக்கு யார் "நான்" என்று கத்துவது என்பதை மட்டும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.