‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதிவிடாதீர்கள்

கேள்வி: ஆறு வருடமாக ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். புது மேலாளர் வந்ததிலிருந்து எல்லார் முன்னாலும் கத்துகிறார், விடுப்பு கேட்டால் பதிலே சொல்வதில்லை. போன வாரம் அறைக்குக் கூப்பிட்டு, “நீங்களாகவே ராஜினாமா கொடுத்துவிட்டால் மரியாதை, இல்லையென்றால் நாங்களே அனுப்ப வேண்டியிருக்கும்” என்றார். ஒரு மாதிரிக் கடிதமும் கொடுத்தார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள், ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். மிரட்டித்தான் வாங்கினார்கள் என்று நாளைக்கு நீங்கள் வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த வரியைத்தான். ஊழியரை வேறு வழியில்லாமல் விலக வைத்தால் அதைப் பணிநீக்கமாகவே கருதும் கோட்பாடு பல நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது. ஆனால் கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

அறைக்குள் பேசியதற்குச் சாட்சி ஏது என்பீர்கள். இன்றைக்கே மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், மனிதவளப் பிரிவுக்கும் ஒரு நகல். “இன்ன தேதி, இத்தனை மணிக்கு என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு விலகும் எண்ணம் இல்லை. என் வேலையில் குறை இருந்தால் எழுத்தில் தெரிவியுங்கள்.” அவ்வளவுதான். கோபத்தையெல்லாம் அதில் கொட்டாதீர்கள். மறுத்துப் பதில் வந்தாலும் சரி, பதிலே வராவிட்டாலும் சரி, அந்த மின்னஞ்சல் உங்களுக்கு உதவும்.

அப்புறம், ஒரு நோட்டு போடுங்கள். ‘எப்போதும் திட்டுவார்’ என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. ‘செவ்வாய் காலைக் கூட்டத்தில், மூன்று பேர் இருக்கும்போது, உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது என்றார்’ என்று எழுதினால் எடுபடும். ஆதாரம் சேர்க்கிறேன் என்று அலுவலக ஆவணங்களை சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள், ஒழுங்கு நடவடிக்கைக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். பேச்சை ரகசியமாகப் பதிவு செய்வதும் சில நாடுகளில் குற்றம்.

கடுகடுப்பான மேலாளர் என்பதற்காக மட்டும் வழக்கு நிற்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு 190ஆவது உடன்படிக்கை, மனரீதியாகவோ பொருளாதாரரீதியாகவோ பாதிக்கும் நடத்தையையும் மிரட்டலையும் துன்புறுத்தல் என்கிறது, ஒரே ஒரு முறை நடந்திருந்தாலும்கூட. 1982இன் 158ஆவது உடன்படிக்கையோ, சட்டத்தை மீறியதாக முதலாளிமேல் புகார் கொடுத்ததைக் காட்டி வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்கிறது. வேலையில் குறை என்று நீக்குவதாக இருந்தாலும் முதலில் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். இந்த உடன்படிக்கைகள், அவற்றை முறைப்படி ஏற்றுக்கொண்ட நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். அதனால் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை உள்ளூர்த் தொழிலாளர் வழக்கறிஞரிடம் கேளுங்கள். உடனே போங்கள், இத்தகைய வழக்குகளுக்குக் காலக்கெடு சில இடங்களில் சில மாதங்கள்தான். போகும்போது நியமன ஆணை, கடைசி இரண்டு வருட மதிப்பீட்டு அறிக்கைகள், கையெழுத்துப் போடாத அந்த மாதிரிக் கடிதம் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.