மகள் சொல்வதா, மச்சான் சொல்வதா?

கேள்வி: மகளின் அரசுப் பள்ளியில் இருக்கும் கைட் லினக்ஸை (கேரளப் பள்ளிக் கணினிகளுக்கான இயங்குதளம்) எங்கள் மாட்டுத்தீவனக் கடைக் கணினியிலும் போட்டிருக்கிறேன். பொள்ளாச்சி மச்சான், ‘பள்ளிக்கூடத்துச் சரக்கு, வியாபாரத்துக்கு வைத்தால் மாட்டுவாய்’ என்கிறார். மகளோ, ‘ஓப்பன் சோர்ஸ் அப்பா, யாரும் போடலாம்’ என்கிறாள். எது சரி? ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயர் எப்படி வந்தது?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: மகள் கட்சிதான் நான். ஆதாரம் உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கிறது. ‘யுஎஸ்ஆர்’ ஃபோல்டரைத் திறந்து, ‘ஷேர்’, அதற்குள் ‘காமன்-லைசென்சஸ்’ என்று போங்கள். ‘ஜிபிஎல்-3’ என்றொரு கோப்பு இருக்கும். நகலெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம் என்று எழுதிக்கொடுத்த அனுமதி அது. பிறருக்குக் கொடுத்தால் மூல நிரலும் (மென்பொருளை எழுதிய வரிகள்) அதே அனுமதியும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், அவ்வளவே.

ஆக, இலவசம் என்பது ஓப்பன் சோர்ஸின் இலக்கணம் அல்ல. செல்போனில் காசில்லாமல் இறங்கும் செயலிகளில் பலவற்றின் நிரலை நீங்கள் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. நிரலைக் காட்டிவிட்டு ‘தொடாதே’ என்றாலும் அது ஓப்பன் சோர்ஸ் ஆகாது. இதற்கென 10 நிபந்தனைகள் உண்டு. உங்களுக்கு வேண்டியது ஆறாவது: இன்ன வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது என்று தடுக்கக் கூடாது. பள்ளிக்கு மட்டும், தவிட்டுக் கடைக்கு ஆகாது என்று விதித்தால் அந்தப் பெயரையே சூட்ட முடியாது.

இனி பெயர் வந்த கதை. 1998 ஜனவரியில், நெட்ஸ்கேப் நிறுவனம் தன் பிரவுசரின் மூல நிரலை வெளியிடப்போவதாக அறிவித்தது. அதையொட்டி பிப்ரவரி முதல் வாரத்தில் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் சிலர் கூடினார்கள். அதுவரை புழங்கிய ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்ற பெயரில் ‘ஃப்ரீ’ என்றால் சுதந்திரம்; ஆனால் அதைக் கேட்டதும் எல்லோரும் விலையைத்தான் நினைத்தார்கள். கிறிஸ்டின் பீட்டர்சன் என்ற பெண்மணி மாற்றுப்பெயர் யோசித்து வைத்திருந்தார். அவரே அதை முழங்கவில்லை. விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்று சொல்ல, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

சுதந்திர மென்பொருளுக்காக 1983-லேயே க்னூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தப் புதுப்பெயரை ஏற்கவில்லை. சுதந்திரம் என்ற பேச்சே அதில் இல்லை என்பது அவர் வாதம். எனக்கும் அவர் பக்கமே சாய்வு. அவர் 2001-ல் திருவனந்தபுரம் வந்து போனதாலோ என்னவோ, கேரளத்து ஆசிரியர்கள் இன்றும் ‘ஸ்வதந்த்ர சாஃப்ட்வேர்’ என்றே சொல்கிறார்கள்.

மச்சானின் லேப்டாப்பில் இருக்கும் விண்டோஸுக்கு பில் உண்டா என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள். வேலந்தாவளத்தில் கணினி ரிப்பேர் பார்ப்பவன் என்ற முறையில் எனக்குச் சந்தேகம்தான்.